காலண்டர் தாளின் பின்பக்கம்

மனவரைபடம் என்று சொன்னால், அரசு நடுநிலைப் பள்ளியில் படித்த என் வயதுக்காரர்கள் லேசாகச் சிரிப்பார்கள். 2007, 2008 வாக்கில் ஆறு முதல் எட்டு வரையான வகுப்புகளுக்குப் படைப்பாற்றல் கல்வி வந்தது. ஆசிரியர்கள் அதை ஏ.எல்.எம். என்பார்கள். ஒரு பாடம் இப்படித்தான் நடக்க வேண்டும் என்று அதில் ஒரு வரிசை இருந்தது. டீச்சர் அறிமுகம் செய்வார். நாங்கள் மனசுக்குள் வாசித்து, புரியாத சொல்லுக்கு அடிக்கோடு போடுவோம். பிறகு ஆளுக்கொரு மனவரைபடம். அதற்கப்புறம் குழுவாக உட்கார்ந்து, எல்லோருடையதையும் சேர்த்து ஒரே படமாக்கி, ஒருவர் எழுந்து விளக்க வேண்டும். தமிழோ அறிவியலோ சமூக அறிவியலோ, எந்தப் பாடமானாலும் நோட்டில் ஒரு பக்கம் அந்தப் படத்துக்குப் போய்விடும்.

நான் அதில் கெட்டிக்காரி. ரகசியம் இதுதான்: பாடத்தை வாசிக்கவே தேவையில்லை. புத்தகத்தில் தடித்த எழுத்தில் இருக்கிற துணைத்தலைப்புகளைப் பொறுக்கினால் போதும். நடுவில் ஒரு வட்டம், வட்டத்துக்குள் பாடத்தின் பெயர், சுற்றிலும் கோடுகள், ஒவ்வொரு கோட்டின் நுனியிலும் ஒரு தடித்த எழுத்து. ஸ்கெட்ச் பேனாவில் நாலு நிறம் மாற்றினால் 'குட்' விழும். முகலாயர் பாடத்துக்கு நான் போட்ட படத்தை, வட்டார வள மையத்திலிருந்து வந்த ஆசிரியப் பயிற்றுநரிடம் டீச்சர் பெருமையாகக் காட்டினார். அவர் படத்தைப் பார்த்துவிட்டு, "பாபரும் இப்ராகிம் லோடியும் எங்கம்மா சண்டை போட்டாங்க?" என்று கேட்டார். பாபர் கிளை பச்சை நிறம் என்பதைத் தவிர எனக்கு வேறெதுவும் தெரியாது. 1526-உம் பானிபட்டும் நான் அடிக்கோடு போட்ட பக்கத்திலேயே இருந்திருக்கின்றன.

ஒன்பதாம் வகுப்புக்குப் போனதும் படம் போடுவது நின்றுவிட்டது. கைடு, பாடத்தின் பின்னால் உள்ள கேள்விகள், ஒப்பித்தல். கல்லூரியிலும் அதேதான். இந்த வருஷங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மதிப்பெண் வந்தது, மறந்தும் போனது.

மறுபடி படம் போடத் தொடங்கியது அரசு வேலைக்கான டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வுக்குப் படித்தபோது. எங்கள் ஊர் சிவகாசி. அப்பாவுக்கு ஆஃப்செட் அச்சகத்தில் வேலை. காலண்டர் சீசனில் நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காரும் வரை மெஷினில் தாள் ஓடிக்கொண்டே இருக்கும். அதுவரை வருவதெல்லாம் வேஸ்ட் ஷீட். முருகனுக்கு இரண்டு வேல் தெரியும், லட்சுமியின் உதட்டுச் சிவப்பு கன்னத்தில் இருக்கும். பின்பக்கம் வெள்ளை. அப்பா சுருட்டிக் கொண்டுவந்து தருவார். சாமி படம் உள்ள தாளைத் தரையில் விரித்து மேலே முட்டி போட்டு எழுதினால் அம்மாவுக்குப் பொறுக்காது. அதனால் எனக்கென்று அப்பா இயற்கைக்காட்சியும் குழந்தைப் படமும் உள்ள தாளாகப் பார்த்து எடுத்து வைப்பார். ஆர்ட் பேப்பரில் பால்பாயிண்ட் வழுக்கும், ஸ்கெட்ச் பேனா மை காயாமல் கையெல்லாம் ஒட்டும். மேப்லித்தோ தாள் கிடைத்த நாளில் சுகம்.

பெரிய தாள் கிடைத்ததால் படம் போட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். நோட்டில் குறிப்பெடுத்தால் அடுத்த பக்கம் போனதும் முந்தைய பக்கம் மறைந்துவிடுகிறது. இரண்டு முழம் தாளில் எல்லாம் ஒரே பார்வையில் கிடந்தன. ஆனால் அங்கும் முதலில் என் பழைய வித்தைதான் கை கொடுத்தது. புத்தகத்தைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு தலைப்புகளைத் தாளுக்கு இடம் மாற்றினேன். பார்க்க அழகாக இருந்தது. வீட்டுச் சுவரில் ஒட்டினேன். வந்தவர்கள் பாராட்டினார்கள்.

இது மாறியது, நூலகத்தில் அரசியலமைப்புப் புத்தகம் ஒன்றே ஒன்று இருந்ததால்தான். நான்கைந்து பேர் அதை முறை வைத்துப் படித்தோம். என் முறை முடிந்து புத்தகம் அடுத்தவள் கைக்குப் போன பிறகு, சும்மா உட்கார்ந்திருப்பதற்குப் பதில், படித்ததில் ஞாபகம் இருப்பதைத் தாளில் போட்டேன். பக்கத்தில் பார்த்து எழுத எதுவும் இல்லை. அன்று போட்ட படம் படுமோசம். அடிப்படை உரிமைகள் என்று நடுவில் எழுதி, 12 முதல் 35 வரை என்று குறித்து, ஆறு உரிமைகளுக்கு ஆறு கோடு இழுத்தேன். நாலு நிரம்பியது. இரண்டு கோடு மொட்டையாக நின்றது. ஒன்று பண்பாட்டு, கல்வி உரிமை என்பது மறுநாள் புத்தகத்தைத் திறந்ததும் தெரிந்தது. அதற்குமுன் அந்தப் பக்கத்தை எத்தனையோ முறை கண்ணால் கடந்திருக்கிறேன், ஒட்டவில்லை. மொட்டைக் கோட்டை ஒரு ராத்திரி முழுக்க மனசில் வைத்துக்கொண்டு போய்ப் பார்த்தபோது 29-உம் 30-உம் ஒட்டிக்கொண்டன.

அதன்பிறகு நிறத்துக்கு எனக்கு வேறு உபயோகம் வந்தது. ஞாபகத்தில் இருந்து எழுதுவது நீலம். புத்தகத்தைப் பார்த்து நிரப்புவது சிவப்பு. சில நாள் கழித்துப் புதுத் தாளில், பழைய படத்தைப் பார்க்காமல், மறுபடி. சிவப்பு குறைந்தால் தேறுகிறேன் என்று அர்த்தம். ஒரே இடம் திரும்பத் திரும்பச் சிவப்பாக வந்தால் அங்கே மனப்பாடக் குறை இல்லை, புரிதலில்தான் கோளாறு. எனக்கு அப்படி நின்றது நிதி மசோதா, பண மசோதா வித்தியாசம். அதை எத்தனை தரம் படம் போட்டும் பயனில்லை. யாராவது உட்கார வைத்துச் சொல்லித்தர வேண்டியிருந்தது.

டி.என்.பி.எஸ்.சி. விடைத்தாளில் ஏ, பி, சி, டி-யோடு 'ஈ' என்று ஒன்று உண்டு: விடை தெரியவில்லை. தெரியாவிட்டால் அந்த வட்டத்தைக் கருப்பாக்க வேண்டும். பரீட்சை மண்டபத்தில் அதைக் கருப்பாக்கும்போது கை கூசும். வீட்டில் காலண்டர் தாளில் அதே காரியத்தைச் செலவில்லாமல் செய்துகொள்ளலாம்.

கோடுகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்களோடு படித்த ஒரு அண்ணன், ஏற்கெனவே ஒரு வேலையில் இருந்துகொண்டு குரூப் 2-க்குப் படித்தவர், என் தாளைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"ஏம்மா, கவர்னர்ல இருந்து 356-க்கு ஒரு கோடு போட்டிருக்கியே, அந்தக் கோடு என்ன சொல்லுது?"

"ரெண்டுக்கும் சம்பந்தம் இருக்குண்ணே."

"எல்லாத்துக்கும்தான் சம்பந்தம் இருக்கு. என்ன சம்பந்தம்? எழுது."

எழுத முடியவில்லை. 356 என்றால் ஆளுநர் ஆட்சியைக் கலைப்பார் என்று மங்கலாக ஏதோ மனசில் இருந்தது. புத்தகத்தைப் பார்த்தால், ஆளுநர் அனுப்புவது அறிக்கை மட்டும்தான், முடிவெடுத்து அறிவிப்பவர் குடியரசுத் தலைவர். அதோடு, அறிக்கை வந்துதான் ஆக வேண்டும் என்பதும் இல்லை, வேறு வகையில் தெரியவந்தாலும் போதும் என்று அந்தச் சட்டப்பிரிவிலேயே இருக்கிறது. கோட்டின் மேல் 'அறிக்கை, அல்லது வேறு வழி' என்று எழுதினேன். அந்த நாலு சொல் எழுதிய பிறகு 1994-இன் எஸ்.ஆர். பொம்மை வழக்கு எங்கே போய் ஒட்டும் என்பதும் தெரிந்துவிட்டது: ஆளுநரின் மேலும் இல்லை, குடியரசுத் தலைவரின் மேலும் இல்லை, இரண்டுக்கும் நடுவே அந்த முடிவின் மேல். அறிவிப்பு நீதிமன்றத்தின் பரிசீலனைக்கு உட்பட்டது என்று சொன்ன வழக்கு அது.

வட்டங்களுக்குள் இருப்பது பெயர்கள். பெயரை யாரும் பார்த்து எழுதிவிடலாம். கோட்டின்மேல் எழுத வினைச்சொல் வேண்டும், அதற்குப் பாடம் தெரிந்திருக்க வேண்டும். பின்னாளில் வாசித்தபோது, அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஜோசப் நோவாக் 1970-களில் உருவாக்கிய கருத்து வரைபடத்தில் இதுதான் விதி என்று அறிந்தேன். கோட்டில் சொல் இல்லாவிட்டால் அது கோடே இல்லை. நம் பள்ளிகளுக்கு வந்த மனவரைபடம் அந்தக் குடும்பம் இல்லை. அது இங்கிலாந்தின் டோனி புஸான் பரப்பியது. 1974-இல் பி.பி.சி. தொலைக்காட்சியில் அவர் நடத்திய தொடரோடு அது பிரபலமாயிற்று. தாளைக் குறுக்குவாக்கில் வை, நடுவில் ஒரு சித்திரம், வளைந்த கிளைகள், ஒரு கிளைக்கு ஒரே ஒரு சொல், நிறைய நிறம் என்று அவருக்கு நிறைய விதிகள். இடது மூளை, வலது மூளை என்று அவர் சொன்ன கணக்கை இன்றைய நரம்பியல் அவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்வதில்லை. ஒரு கிளைக்கு ஒரு சொல் என்ற விதி எனக்கு ஒத்துவரவும் இல்லை. வீட்டுக்கு என்ன சாமான் வேண்டும் என்று யோசிக்க அது போதும். சட்டப்பிரிவு படிக்கிறவளுக்கு 'அல்லது வேறு வழி' என்ற மூன்று சொல்லும் வேண்டும்.

படம் எனக்கு உண்மையிலேயே வேலை செய்த இடம் ஒன்றைச் சொல்கிறேன். 42-ஆவது திருத்தம், 44-ஆவது திருத்தம். குரூப் 4 படிப்பவர்களுக்கு இவை பக்கத்துப் பக்கத்து எண்கள், குழப்பிக்கொள்ள வசதியானவை. புத்தகத்தில் சொத்துரிமை நீங்கியது அடிப்படை உரிமைகள் பாடத்தில் இருக்கும். மக்களவையின் ஆயுள் நாடாளுமன்றப் பாடத்தில். 352 நெருக்கடி நிலைப் பாடத்தில். திருத்தங்களின் பட்டியல் கடைசியில், தனியாக. நாலு இடத்தில் நாலு துணுக்கு. மாதிரித் தேர்வில் சொத்துரிமையை நீக்கியது எது என்று கேட்டால் 44 என்று தட்டிவிடுவேன். 'ஆயுதமேந்திய கிளர்ச்சி' எந்தத் திருத்தத்தில் வந்தது என்று கேட்டால் முழிப்பேன். இரண்டுக்கும் விடை ஒன்றே என்பது அந்த முழியில் எங்கே தெரியப்போகிறது.

ஒருநாள் 44 என்று நடுவில் எழுதித் தொடங்கினேன். 1978. ஒரு கிளையில் சொத்துரிமை: 19-இல் இருந்த அதற்கான உட்பிரிவும் 31-உம் போய், 300ஏ என்ற வெறும் சட்ட உரிமையாக இறங்கியது. இன்னொரு கிளையில் 352: 'உள்நாட்டுக் குழப்பம்' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'ஆயுதமேந்திய கிளர்ச்சி' வைத்தார்கள். மூன்றாவது, மக்களவையின் ஆயுள் ஆறு வருஷத்திலிருந்து ஐந்து. இங்கே கை நின்றது. ஆறு எப்போது ஆனது? முதலில் ஐந்துதானே. தாளின் இடது ஓரத்தில் 42 என்று எழுதி, 1976, அதிலிருந்து ஒரு கோடு. 1976 என்று எழுதியதும் அதன் தலைக்கு மேல் 1975 ஜூன் 25 வந்துவிட்டது. நெருக்கடி நிலை. உள்நாட்டுக் குழப்பம் என்ற சொல்லை வைத்து அறிவித்தது. அதனால்தான் 44 அந்தச் சொல்லின் மேல் கை வைத்திருக்கிறது. நடுவே 1977 தேர்தல், ஆட்சி மாற்றம். நெருக்கடிக் காலத்தில் உயிர்வாழும் உரிமைக்காகக்கூட நீதிமன்றம் போக முடியாது என்று 1976-இல் ஜபல்பூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 44 வந்து, 20-ஐயும் 21-ஐயும் நெருக்கடி நிலையிலும் நிறுத்திவைக்க முடியாது என்றது. எல்லாக் கோட்டின் மேலும் என்னால் வினைச்சொல் எழுத முடிந்தது: நீக்கியது, மாற்றியது, குறைத்தது, தடுத்தது.

42 செய்த எல்லாவற்றையும் 44 திருப்பிவிடவில்லை என்பதும் அந்தத் தாளிலேயே தெரிந்தது. முகவுரையில் சேர்ந்த சமதர்மம், மதச்சார்பின்மை, ஒருமைப்பாடு அப்படியே நிற்கின்றன. 51ஏ-இன் அடிப்படைக் கடமைகளும் நிற்கின்றன, பத்தாக வந்தவை 2002-இல் 86-ஆவது திருத்தத்தால் பதினொன்றாயின. அதே 86-தான் 21ஏ-வையும் கொண்டுவந்தது, கல்வி உரிமை. கோடு மறுபடி அடிப்படை உரிமைகளுக்கே போய்விட்டது. தாள் தீர்ந்துவிட்டது, இன்னொன்றை ஒட்டினேன்.

எல்லாவற்றையும் இப்படிப் போடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தமிழ்ப் பகுதிக்கு ஐந்திணையைப் படமாகப் போட்டுப் பார்த்தேன். குறிஞ்சிக்கு ஒரு கிளை, அதில் தெய்வம், மக்கள், பறவை, பறை, தொழில், பண். முல்லைக்கு ஒரு கிளை, அதில் மறுபடி அதே தெய்வம், மக்கள், பறவை. அப்படியே ஐந்து முறை. தாள் முழுக்க முள்ளம்பன்றி. ஐந்து திணைக்கும் ஒரே கேள்விகள்தான் என்னும்போது அது கட்டம் போட வேண்டிய விஷயம். மேலே திணைகள், பக்கவாட்டில் முதல், கரு, உரி. இலக்கணக்காரர்கள் அதைக் கட்டமாகத்தான் மனசில் வைத்திருந்திருப்பார்கள் என்று எனக்கு ஒரு எண்ணம். சிறுபொழுதுக்குக் கட்டமும் சரிவராது, கடிகாரம் போட வேண்டும். பத்து நாழிகை கொண்ட ஆறு துண்டு: யாமம் இரவு பத்து மணி முதல் இரண்டு, வைகறை இரண்டு முதல் ஆறு, அப்படியே சுற்றி வந்தால் மாலையில் வந்து முடியும். எற்பாடு எப்போது என்ற கேள்வியில் கடிகாரம் போட்டவர்கள் தடுமாறுவதில்லை. 1806 வேலூரிலிருந்து தொடங்கும் வரலாற்றுக்கு ஒரு நீளக் கோடு போதும். ஆப்டிடியூடு இருபத்தைந்து கேள்விக்குப் படம் எந்த விதத்திலும் உதவாது. தனிவட்டி, கூட்டுவட்டிக் கணக்கைப் போட்டுப் போட்டுத்தான் பழக வேண்டும். என்னைக் கரையேற்றியதில் தமிழ்ப் பகுதிக்கும் ஆப்டிடியூடுக்கும்தான் பெரிய பங்கு என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

2022-இல் பரீட்சை எழுதி, இப்போது தாலுகா அலுவலகத்தில் இளநிலை உதவியாளராக இருக்கிறேன். வேலைக்கு வந்த பிறகு ஓய்வில் வாசித்ததில், நான் நூலகத்தில் தற்செயலாகச் செய்ததற்கு ஓர் ஆராய்ச்சியே இருப்பது தெரிந்தது. அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் கார்பிக்கியும் ப்ளண்ட்டும் செய்து, 2011-இல் 'சயின்ஸ்' இதழில் வெளியானது. ஒரு சாரார் அறிவியல் பாடத்தை எதிரில் வைத்துக்கொண்டு கருத்து வரைபடம் போட்டார்கள். இன்னொரு சாரார் பாடத்தை வாசித்து, மூடிவைத்து, ஞாபகத்திலிருந்து எழுதினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில் மூடிவைத்து எழுதியவர்கள் நன்றாகச் செய்தார்கள். தேர்வே வரைபடம் போடுவதாக இருந்தபோதும் அவர்கள்தான் முன்னால். இதில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது வேறொன்று: எவ்வளவு ஞாபகம் இருக்கும் என்று முன்பே கேட்டபோது, மூடிவைத்து எழுதியவர்கள்தான் தங்களைப் பற்றிக் குறைவாக மதிப்பிட்டிருந்தார்கள். பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்க மட்டும் செய்த வேறொரு சாராருக்குத்தான் நம்பிக்கை அதிகம். என் பச்சை நிற பாபர் மாதிரி. அதே இருவர் 2014-இல் இன்னொன்றும் காட்டினார்கள். வரைபடத்தையே புத்தகத்தை மூடிவைத்துப் போட்டால், ஞாபகத்திலிருந்து பத்தியாக எழுதுவதற்குச் சமமான பலன் கிடைக்கிறது. படத்தின் மேல் குற்றமில்லை, திறந்த புத்தகத்தின் மேல்தான்.

படைப்பாற்றல் கல்வியைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. வாசித்ததைத் தன் கையால் வடிவமாக்கு என்று ஏழாம் வகுப்புப் பிள்ளையிடம் சொன்னது பெரிய விஷயம். வாசிப்புக்கும் படத்துக்கும் நடுவே 'புத்தகத்தை உள்ளே வை' என்று ஒரு படி மட்டும் விட்டுப்போயிற்று. இன்று புதுப் பாடநூல்களில் பாடத்தின் கடைசியில் கருத்து வரைபடத்தை அச்சடித்தே தருகிறார்கள், வண்ணத்தில். பார்க்கிற பிள்ளைக்கு அதில் செய்ய ஒன்றும் மிச்சமில்லை.

குரூப் 2 முதன்மைத் தேர்வுக்கு இப்போது படிக்கிறேன். அது எழுத்துத் தேர்வு, வட்டத்தைக் கருப்பாக்கித் தப்பிக்க முடியாது. அங்கே படத்தால் புதுத் தொல்லை. படத்தில் எது முதல், எது அடுத்தது என்று கிடையாது. எல்லாக் கிளையும் ஒரே நேரத்தில் பேசும். அதை நம்பி எழுதினால் பதில் திண்ணைப் பேச்சாகப் போகிறது. கிளைகளுக்குச் சிவப்பில் 1, 2, 3 என்று எண் போட்டு, இரண்டு கிளையை வெட்டிவிட்டு, அப்புறம்தான் முதல் வாக்கியம். 73-ஆவது திருத்தத்தைப் பற்றிக் கேட்டால் பதினொன்றாவது அட்டவணையின் 29 பொருள்களையும் எழுதத் துடிக்கும் கையைக் கட்டிப்போட இதுதான் வழியாக இருக்கிறது.

நூலகத்துக்கு எதிரே உள்ள ஜெராக்ஸ் கடையில் என் பழைய படங்கள் சுற்றிக்கொண்டிருந்தன. பிள்ளைகள் ஏ3 தாளில் எடுத்துக்கொண்டு போய்ச் சுவரில் ஒட்டினார்கள். 42-44 படத்துக்கு நல்ல கிராக்கி. அதை வைத்துப் படித்த ஒரு தங்கையிடம் மக்களவை ஆயுள் ஏன் மாறியது என்று கேட்டேன். "உங்க மேப்ல வலது பக்கம் மேல இருக்குக்கா" என்றாள். இப்போதெல்லாம் யாராவது கேட்டால், கோட்டின் மேல் இருக்கிற சொற்களை வெள்ளை மையால் அழித்துவிட்டுத்தான் கொடுக்கிறேன். பாதிப் பேர் கடைக்காரரிடம் போய், பிரிண்ட் சரியாக விழவில்லை என்று சண்டை போடுகிறார்கள்.